மின்சாரக் கணக்கில் தண்ணீரையும் எழுதுங்கள்

தண்ணீர்ப் பஞ்சம் என்றால் குழாயை மூடச் சொல்கிறோம். நல்லதுதான். ஆனால் ஸ்விட்சைப் போடும்போது செலவாகிற தண்ணீர் நம் கணக்கிலேயே வருவதில்லை.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து வரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேலேதான் மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். அங்கே இடுப்புச் சிறுத்து நிற்கும் ராட்சதக் கோபுரங்களின் உச்சியில் வெள்ளையாகக் கிளம்புவதைப் பலர் புகை என்று நினைக்கிறார்கள். அது ஆவி. குளிர்விக்க எடுத்த தண்ணீர் அப்படியே காற்றோடு போகிறது, ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 2 லிட்டர்.

சரி, அந்தத் தண்ணீரைத் தரும் ஆறே சூடேறினால்? 2022 கோடையில் பிரான்சில் ரோன், கரோன் ஆறுகளின் நீர் சூடாகி, கரையிலிருந்த அணுமின் நிலையங்கள் உற்பத்தியைக் குறைத்தன. அதே ஆகஸ்டில் சீனாவின் சிச்சுவானில் கடும் வறட்சி. அந்த மாகாணத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் நீர்மின்சாரம். ஆறுகள் இளைத்த நேரத்தில் ஏசி பயன்பாடு எகிறியது. தொழிற்சாலைகளை மூட வேண்டியதாயிற்று. 2024இல் ஜாம்பியாவும் கரிபா அணை வற்றி இருளில் தவித்தது. மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, குடிநீரும் வராது.

கடல்நீரைக் குடிநீராக்கலாமே என்பார்கள். ஆக்கலாம், 1000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வேண்டும். அதை நிலக்கரியில் எடுத்தால் பூமி இன்னும் சூடாகும், வறட்சி இன்னும் இறுகும்.

மின் நிலையம் ஓடப்போவது 30, 40 வருடம். இன்றைக்கு ஆற்றில் ஓடும் தண்ணீரை மட்டும் பார்த்து அதற்கு அனுமதி கொடுக்கக் கூடாது.

சோலாரையும் காற்றாலையையும் நான் ஆதரிப்பதற்குத் தண்ணீரே பெரிய காரணம். பேனலைக் கழுவுவது தவிர அவற்றை ஓட்டத் தண்ணீர் அநேகமாகத் தேவையில்லை. என் பயமெல்லாம் சோலார் பம்பு பற்றித்தான். டீசலுக்குக் காசு கொடுப்பவர் அளந்து இறைப்பார். வெயில் இலவசம் என்றானதும் மோட்டார் பகல் முழுக்க ஓடும், நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகும். உலகில் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குத்தான் போகிறது. அதனால் பம்புக்கு மானியம் தரும் அரசுகள், விவசாயியிடமிருந்து உபரி மின்சாரத்தை நியாயமான விலைக்கு வாங்கவும் வேண்டும். அப்போதுதான் மோட்டாரை நிறுத்தி வைப்பதிலும் அவருக்கு வருமானம் இருக்கும்.