அப்பா பெயரை இதில் இழுக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கோப்பிக்கடையில் நடந்தது நம் கார் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், மனசு ஆறவில்லை.

வார இறுதியில் ஓட்டுவதற்கு நான் வாங்கியது 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. தொழிற்சாலையிலிருந்தே இன்ஜெக்ஷனோடு வந்த கார், அதாவது என்ஜினுக்குப் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும். கிட்டத்தட்ட அதே விலையில் இரட்டைக் கார்புரேட்டர் வைத்த பழைய டாட்சன் ஒன்றும் வந்தது. கார்புரேட்டரில் கம்ப்யூட்டர் இல்லை, என்ஜின் இழுக்கிற காற்றே பெட்ரோலை உறிஞ்சிக் கலந்துகொள்ளும். யோசித்துப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டேன். அதற்குத்தான் நம் குழுவில் இருக்கும் அண்ணன் ஒருவர் பத்துப் பேர் முன்னால் சொன்னார்: "கார்புரேட்டர் மெக்கானிக் பிள்ளை கம்ப்யூட்டர் கார வாங்கிட்டு வந்து நிக்கிறான். உங்கப்பா பாத்திருந்தா தலை குனிஞ்சிருப்பாரு." எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான். சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் இந்தக் காரை ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். மிச்ச 320 நாள் பல மாடி கார் நிறுத்துமிடத்தில் உறை போட்டு நிற்கும். அப்படி நிற்பதுதான் கார்புரேட்டருக்கு ஆகாது. ஃப்ளோட் சேம்பர் என்கிற சின்னக் கிண்ணத்தில் கிடக்கும் பெட்ரோல் நம் ஊர் வெக்கையில் ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாக ஜெட்டில், அதாவது பெட்ரோல் போகிற நுண்துளைத் திருகில், படியும். ஐடில் ஜெட்டின் துளையே அரை மில்லிமீட்டர் அளவுதான். சனிக்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் இருமும், அணையும். அப்புறம் கழற்று, ஊது, மாட்டு. 45 நாளில் ஒரு நாள் அங்கேயே போயிற்று.

சரி, கிளம்பிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மலேசியா போக முக்கால் டாங்க் பெட்ரோல் போட்டுக்கொண்டு உட்லண்ட்ஸ் போனால் ஜோகூர் கடற்பாலத்தில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போக வேண்டும். கீழே என்ஜின் கொதிக்க, கார்புரேட்டருக்குள் பெட்ரோலும் கொதிக்கும். நடுப்பாலத்தில் அணைந்தால் பின்னால் வருகிறவன் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டான். இன்ஜெக்ஷனில் பெட்ரோல் இரண்டரை, மூன்று பார் அழுத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், மீந்தது டாங்குக்குத் திரும்பிவிடும். அதனால் அவ்வளவு சுலபத்தில் கொதிக்காது.

"சத்தம் வருமா? அந்த உணர்வு வருமா?" என்று கேட்பீர்கள். வராது. இரண்டு 40 வெபர் கார்புரேட்டர் ஒரே மூச்சில் காற்றை இழுக்கிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இன்ஜெக்ஷன் இருந்தால் அது ஓட்டுகிறவனுடைய கார் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் எல்லோரும் உயிரை விடுகிற டொயோட்டா ஏஇ86-இன் 4ஏ-ஜிஇ என்ஜின் 1983-லேயே இன்ஜெக்ஷன்தான். மெர்சிடிஸ் 300எஸ்எல்லில் 1954-லேயே வந்துவிட்டது. கடைசி வரை கார்புரேட்டரைப் பிடித்துக்கொண்டிருந்த அமெரிக்க நாஸ்கார் பந்தயத்தின் முதன்மைத் தொடர்கூட 2012-இல் மாறிவிட்டது. அவர்களுக்கெல்லாம் கார் ஓட்டத் தெரியாதா?

அப்பாவைப் பற்றிப் பேசினீர்கள் அல்லவா, நானும் பேசுகிறேன்.

கார் பட்டறைகள் இருக்கும் சின் மிங்கில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் என்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு ரப்பர் குழாய் வைத்திருப்பார். ஒரு முனை கார்புரேட்டர் வாயில், மறு முனை காதில். இரண்டிலும் உஸ்ஸென்ற சத்தம் ஒரே மாதிரி வரும் வரை திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார். அந்தக் கையை நான் குறைத்துப் பேசுவேனா?

ஆனால் மலேசியாவின் கேமரன் மலைக்கு ஒரே ஒரு முறை குடும்பமாகப் போனோம், எங்கள் டாட்சன் 120ஒய்யில். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏற ஏறக் காற்று மெலிந்தது, அந்தக் காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகை தள்ளியது. அப்பா வளைவில் ஓரங்கட்டி, பிளக்கைத் துடைத்து, திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். அம்மா தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது மறுபடி அதே வேலை. அப்பா அந்த மலையைப் பார்க்கவே இல்லை அண்ணே. வாரமெல்லாம் ஊரார் கார்புரேட்டர், விடுமுறையில் சொந்தக் கார்புரேட்டர்.

"இன்ஜெக்ஷன் கெட்டால் ரோட்டோரத்தில் என்ன செய்வாய், கம்ப்யூட்டரிடம் கெஞ்சுவாயா?" என்றும் ஒருவர் கேட்டார். சில சமயம் ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனால் அது மந்திரப் பெட்டி இல்லை. இன்ஜெக்ஷன் கார்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்தபோது அப்பாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கூட இருந்த சிலர் இது நமக்கு ஆகாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அப்பா சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் மல்டிமீட்டர் ஒன்றை, மின்சாரம் அளக்கிற மீட்டரை, வாங்கி வந்தார். இரவு சாப்பாட்டு மேசையில் வயரிங் படத்தை விரித்து, பக்கத்தில் என் பள்ளி அகராதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சென்சருக்கும் பென்சிலால் தமிழில் எழுதுவார். "தண்ணீர் சூடு." "காற்று அளவு."

ஒரு நாள் அந்தத் தண்ணீர் சூடு சென்சரை அம்மாவின் ரசச் சட்டியில் போட்டு அடுப்பை மூட்டிவிட்டார். அம்மா திட்டத் திட்ட, என்னை மீட்டரைப் பார்த்துப் படிக்கச் சொன்னார். 20 டிகிரி சொச்சத்தில் மின்தடை இரண்டு கிலோ ஓம் (2,000 ஓம்) பக்கம் இருந்தது, 80 டிகிரிக்குப் போனபோது 300 ஓமுக்கு வந்துவிட்டது. "பாத்தியா, நான் காதால கேட்டத இது கம்பியில கேக்குது" என்றார். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்! இந்த மனிதரா தலை குனிந்திருப்பார்?

போன மாதம் என் கார் காலையில் கிளம்ப அடம்பிடித்தது. அதே மீட்டரை வைத்துப் பார்த்தேன். சென்சர் சரியாக இருந்தது, கனெக்டரில் பச்சைத் துரு பூத்திருந்தது. சுரண்டி மாட்டினேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அந்த மீட்டர் டிக்கியில்தான் இருந்தது. அண்ணன் கேட்டிருந்தால் எடுத்துக் காட்டியிருப்பேன்.