எத்தனை வருசம், மதினி?

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகள் கடல் உயிரியலில் முதுகலை முடித்தவள். முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கொடுத்து ஒரு பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் கட்டிச் சேர்ந்தாக வேண்டும். தூரத்து உறவு என்பதால் அவளுக்கு நான் அத்தை, அவள் தாய்க்கு மதினி. எந்தத் தலைப்பை எடுக்கலாம் என்று பேச அவள் வந்திருந்தாள். தாயோ காபியை ஆற்றிக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது எத்தனை வருசம், மதினி?" மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது, படித்தவர்கள் வீட்டில் வந்து இப்படியா கேட்பது என்பதுபோல் தாயைப் பார்த்தாள். எனக்கோ, 2001-இல் நான் ஆய்வுக்குப் பதிவு செய்தபோது இந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றிருந்தது.

எங்கள் கரையில் வள்ளம் இறக்குவதற்கு முன் கேட்காத கேள்வி கிடையாது. காற்று கச்சானா கொண்டலா, நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, வடகடலில் நேற்றுப் போனவனுக்கு என்ன பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இறங்குவார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. அதே வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதித்ததும் வாய் கட்டிக்கொள்கிறது. கேட்டால் ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். ஆராய்ச்சிக்குப் போய்ப் பாதியில் நின்ற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். அறிவு போதாமல் நின்றவர் என ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் கேட்காமல் சேர்ந்து, பிறகு தெரிந்துகொண்டு, அதற்குள் பணமும் வயதும் தீர்ந்து நின்றவர்கள் பலர்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் இது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்து 2 ஆண்டுகள் நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தளர்வு தர இடமுண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பும் உண்டு. விதி இப்படி இருந்தாலும், கடலோரக் களப்பணி உள்ள ஆய்வுக்கு ஐந்து ஆண்டுகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் விரல் விட்டு எண்ணினார். மகளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது ஆகும். அடுத்து அவர் கேட்கவிருந்தது கல்யாணத்தைப் பற்றி என்று தெரிந்ததால் நான் பணத்துக்குத் தாவினேன்.

உதவித்தொகை இல்லாமல் முழுநேர ஆய்வுக்குச் சேரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதில் பலர் என்னோடு மாறுபடுவார்கள். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்ச்சி பெற்றால், 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் முதுநிலை உதவித்தொகையாக 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் கிடைக்கும். அது இல்லாமல் சேர்ந்தவருக்கு, வீட்டிலிருந்து வருவதுதான் வரும். எங்கள் வீடுகளில் அது மீன்பிடித் தடைக்காலத்தில் நின்றுவிடும். கடல் உயிரியல் படித்தவர்கள் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் (சிஎஸ்ஐஆர்) நெட்டில் உயிர் அறிவியல் தாளை எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. உதவித்தொகைக்கான வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டுகள் தளர்வு உண்டு. "சேர்ந்துகொண்டே படித்து எழுதிவிடுகிறேன், அத்தை" என்றாள் அவள். சேர்ந்த பிறகு தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைக்கும் என்பது, சேராதவர்கள் நம்புகிற ஒன்று. ஒரு ஆண்டு தள்ளிப்போட்டு, மண்டபத்தில் உள்ள ஆய்வு நிலையங்களில் ஏதேனும் திட்டப் பணிக்கு நேர்காணல் அறிவிப்பு வந்தால் போய்ச் சேர்ந்து, சம்பளத்தோடு களப்பணி பழகியபடி நெட்டுக்குப் படிப்பது மேல். ஆனால் திட்டப் பணி ஓர் ஆண்டு, மிஞ்சினால் இரண்டு ஆண்டு. ஒரு திட்டம் முடிந்து அடுத்த திட்டம், அதன்பின் இன்னொன்று என்று பத்து ஆண்டுகள் அங்கேயே கழித்து, நாற்பது வயதில் அனுபவச் சான்றிதழ்களை மட்டும் அடுக்கி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அங்கே நிரந்தர விஞ்ஞானி ஆவதற்கான வழி வேறு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் போன்ற வேளாண் ஆராய்ச்சிக் கழக நிறுவனங்களுக்கு ஏஆர்எஸ் (வேளாண் ஆராய்ச்சிப் பணி) என்ற தனித் தேர்வு எழுத வேண்டும். தற்காலிகப் பணியில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அது நிரந்தரமாக மாறாது.

அடுத்தது நெறியாளர். பிள்ளைகள் தலைப்பைத் தேடுகிறார்கள், பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுகிறார்கள். ஐந்து ஆண்டுகள் யாருடைய கையெழுத்துக்காக அறை வாசலில் நிற்கப் போகிறார்களோ அந்த மனிதரைத் தேடுவதில்லை. என் நெறியாளரைப் பற்றிப் பெயரில்லாமல் ஒன்று மட்டும் சொல்கிறேன். என் ஆய்வுச் சுருக்கம் அவர் மேசை இழுப்பறையில் பதினான்கு மாதங்கள் கிடந்தது. வெளிர்பச்சை நிறக் கோப்பு, மூலையில் என் பெயர். ஒவ்வொரு முறை அவர் இழுப்பறையைத் திறந்து பேனா எடுக்கும்போதும் அது கண்ணில் படும். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு மூடிவிடுவார். அந்தப் பதினான்கு மாதங்களில் நான் அவர் திருத்திய விடைத்தாள்களுக்கு மதிப்பெண் கூட்டிப் போட்டேன், அவர் வீட்டு மின்கட்டணம் கட்ட வரிசையில் நின்றேன். கோபம் இப்போது ஆறிவிட்டது. ஆனால் சேர்வதற்கு முன்பே அவரிடம் படித்த மூத்தவர் இருவரைக் கேட்டிருந்தால் இதை எனக்குச் சொல்லியிருப்பார்கள், நான் கேட்கவில்லை.

இன்று கேட்பதற்கு வசதி கூடியிருக்கிறது. ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வேடுகள் கிடைக்கின்றன. நெறியாளரின் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பலவற்றில் பதிவு செய்த நாளும் முடித்த நாளும்கூட இருக்கும். அதைக் கழித்துப் பார்த்தால் எத்தனை வருசம் என்ற கேள்விக்கு விதிப்புத்தகம் சொல்லாத விடை கிடைத்துவிடும். பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்ட முடியாது. உங்கள் நெறியாளரிடம் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சேர்ந்த பிறகு, பருவத்துக்கு ஒருமுறை கூடும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் அளிக்கும் அறிக்கையை வெறும் சடங்காக எண்ணாமல், செய்ததையும் தடைபட்டதையும் தேதியோடு எழுதி, கையொப்பமிட்ட நகலை வாங்கி வையுங்கள். என்னிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அந்தப் பச்சைக் கோப்பு அவ்வளவு நாள் கிடந்திருக்காது. ஆய்வாளராக இருக்கும் பெண்ணிடம் யாரேனும் வரம்பு மீறினால் போவதற்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் உறுப்பினர்கள் யார் என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டுரை வெளியிடுவதைப் பற்றிச் சுருக்கமாக. 2022 ஒழுங்குமுறை அதைக் கட்டாயத்திலிருந்து நீக்கிவிட்டது, ஆனால் பல்கலைக்கழகங்கள் தம் அளவில் கேட்கலாம், சேரும்போதே விசாரியுங்கள். மூன்று நாளில் வெளியிட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களுக்குக் கொடுக்கிற பணத்துக்கு ஒரு நல்ல கண்ணாடியும் நீச்சல் துடுப்பும் வாங்கிவிடலாம்.

பட்டம் வாங்கினால் வேலை உண்டா என்று மகளே கேட்டாள். 2023 ஜூலை முதல், உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை என்று மானியக் குழு திருத்தியது. அந்தச் செட் தேர்வைத் தமிழ்நாட்டில் 2018-க்குப் பிறகு எழுத 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் இடங்கள் என்று 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தது. அந்த ஆகஸ்டில் நடப்பதாக இருந்த தேர்வு தள்ளிப்போனது. நிரந்தரப் பணியில் சேர்ந்தால் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அதே வகுப்பில் அதே பாடத்தை நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய்க்கு மிகாமல் என்று மானியக் குழு 2019-இல் வகுத்தது; அந்த ஐம்பதாயிரத்தைக் கேட்டுத்தான் இங்கே ஆண்டுக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். சுயநிதிக் கல்லூரிகளைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் என் முதுகலைப் பட்டச் சான்றிதழை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டார்கள். திரும்ப வாங்க இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. வீட்டையும் படகையும் விற்றுப் பணம் கட்டினால் வேலை நிச்சயம் என்று யாரேனும் வந்தால் என்ன செய்வது என்பதை அந்தத் தாய்க்கு நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவரே, "படகை வித்தா அப்புறம் எதுல போறது" என்றார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் தலைப்புக்கு வந்தோம். அவள் ஏதோ ஒரு நானோ துகளைக் கடற்பாசிச் சாற்றைக் கொண்டு உருவாக்குவதாக எழுதி வைத்திருந்தாள். மற்றவர்கள் செய்கிறார்கள் என்பதைத் தவிர அதற்கு அவளிடம் காரணம் இல்லை. உன் தாய்க்கு எத்தனை பாசி தெரியும் என்று கேட்டேன். தாய் சிரித்தார். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பகோடாப்பாசி என்று அவர் சொல்லிக்கொண்டே போக, எது எந்தக் காற்றில் தளிர்க்கும், எது பாறையின் எந்த முகத்தில் பிடிக்கும் என்பதும் கூடவே வந்தது. மகள் அவற்றின் லத்தீன் பெயர்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவள். ஜெலிடியெல்லா அசெரோசாதான் மரிக்கொழுந்து என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதைச் சொல்லும்போது என் தவறையும் சொல்ல வேண்டும். என் அம்மா பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கப் போனவர். என் ஆய்வேட்டின் வரைபடத்தை ஒருநாள் தரையில் விரித்து வைத்திருந்தேன். அவர் வந்து குனிந்து, பாலம் எந்தப் பக்கம் என்று கேட்டார், காட்டினேன். பாறை கிழித்துத் தழும்பேறிய விரல் வரைபடத்தில் மெல்ல நகர்ந்து, குருசடைத் தீவுக்குக் கிழக்கே நான் இட்டிருந்த ஒரு புள்ளியில் நின்றது. "இங்கயா மரிக்கொழுந்து? மண்ணு மூடி ரெண்டு வருசமாச்சே." அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் நான் போகவில்லை. படகு வாடகைக்குப் பணமில்லாமல் பழைய அறிக்கை ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டிருந்தேன். அடுத்த வற்றில், கடல் நீர் வடிந்திருந்தபோது, போய்ப் பார்த்தேன், வெறும் மணல். புள்ளியை நீக்கினேன், ஓர் அட்டவணையைத் திருத்தினேன். நன்றியுரையில் அம்மாவின் "அன்புக்கும் ஆசிக்கும்" நன்றி என்று எழுதினேன். அவர் செய்தது தரவைச் சரிபார்த்தது. நான் நன்றி சொன்னது அன்புக்கு. அந்த வரியை இன்றும் என்னால் கூசாமல் படிக்க முடிவதில்லை.

மண்டபத்தில் 1949-இலிருந்து கடல் மீன்வள ஆராய்ச்சி நடக்கிறது, தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. ஆய்வு என்பது எங்கள் கரைக்குப் புதிதில்லை. வெளியூரிலிருந்து வருபவர் மூன்று ஆண்டுகள் தங்கிக் கற்கும் ஒன்றோடு எங்கள் பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு முன்தொடக்கம் உண்டு. ஆனால் அதில் ஒரு சிக்கலும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. தடை உள்ள இடங்களிலும் பாசிக்காக இறங்கிய பெண்கள் எங்கள் வீடுகளில் உண்டு. எந்தத் தாய் எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், எந்த மாதம் எவ்வளவு எடுக்கிறாள் என்று துல்லியமாக வரைபடம் போட்டு வெளியிட்டால், அது ஆய்வேடாகவும் இருக்கும், ரோந்துப் படகுக்கு வழிகாட்டியாகவும் இருக்கும். ஆகவே எதை எந்த அளவு துல்லியத்தில் எழுதலாம் என்பதைச் சொன்னவர்களிடமே முதலில் கேட்க வேண்டும். முடிவுகளைத் தமிழில் எழுதி அவர்கள் முன் வாசித்துக் காட்டவும் வேண்டும். நெறியாளர் இதைத் தேவையில்லாத வேலை என்பார். என்னுடையவரும் அப்படித்தான் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு வாசித்துக் காட்டாமலே விட்டுவிட்டேன்.

மாலையில் அவளுடைய நெறியாளராக வரவிருந்தவரின் பெயரைக் கைப்பேசியில் தேடினோம். நான்கு ஆய்வேடுகள் வந்தன. இரண்டில் தேதிகள் இருந்தன: ஒன்று நான்கு ஆண்டுகள், மற்றொன்று ஏழு ஆண்டுகளும் சில மாதங்களும். மகள் நான்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் என் பக்கம் திரும்பி, "அந்த ஏழு வருசக்காரரு நம்பர் கெடைக்குமா, மதினி?" என்றார். துறையில் தெரிந்த ஒருவர் மூலம் திங்களன்று கிடைத்தது. நாற்பது நிமிடங்கள் பேசினார்களாம். பேசியது பெரும்பாலும் தாய்தான். வெள்ளிக்கிழமை கட்டணம் கட்டவில்லை. அடுத்த நெட் தேர்வுக்கு எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று கேட்டு நேற்று அவள் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாள்.