எஸ்பிசிஎல் ப்ராம்ப்ட்டை மாற்ற மூலநிரலைத் தொட வேண்டியதில்லை

காமன் லிஸ்ப் நிரல்மொழியை இயக்கும் எஸ்பிசிஎல் (SBCL) மென்பொருளில், கட்டளைக்காகக் காத்திருக்கும்போது வரும் நட்சத்திரக்குறியை, அதாவது ப்ராம்ப்ட்டை, மாற்றணும்னா மூலநிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் பண்ணணும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நம்ம சேலம் பசங்க சிலரும் அதையே பகிர்ந்திருக்கிறார்கள். அப்படி இல்லைங்க.

அந்தக் குறியை அச்சிடும் ஃபங்ஷன் ஒரு மாறியில்தான் இருக்கிறது. எஸ்பி-இன்ட் (sb-int) என்ற பேக்கேஜில், அதாவது பெயர்த் தொகுப்பில், ரெப்ல்-ப்ராம்ப்ட்-ஃபன் (repl-prompt-fun) என்று, முன்னும் பின்னும் நட்சத்திரக்குறியோடு இருக்கும். ஸ்ட்ரீம் (எழுத்துகள் போகும் வெளியீட்டு வழி) ஒன்றை வாங்கி, அதில் முதலில் ஃப்ரெஷ்-லைன் (புது வரிக்குப் போகும் கட்டளை), அப்புறம் "சேலம்> " என்று எழுதும் லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) ஒன்றை, மதிப்பை மாற்றும் செட்எஃப் மூலம் அந்த மாறியில் வையுங்கள். அடுத்த வரியிலேயே மாறிவிடும். எழுதியதை உடனே திரைக்கு அனுப்பும் ஃபோர்ஸ்-அவுட்புட் தேவையில்லை, எஸ்பிசிஎல்லே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் வர வேண்டுமானால் ஹோம் டைரக்டரியில் உள்ள எஸ்பிசிஎல்ஆர்சி (.sbclrc) என்ற தொடக்கக் கோப்பில் போட்டால் போதும்.

சரிபார்க்க, டெர்மினலில் எஸ்பிசிஎல்லைத் திறந்து, பெயர்களைத் தேடும் அப்ரோபோஸ் (apropos) கட்டளைக்கு "ரெப்ல்-ப்ராம்ப்ட்" என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். மாறியின் பெயர் வந்து நிற்கும்.

பிழை வந்து டீபக்கருக்குள் (பிழையை ஆராயும் பகுதி) போனால் தெரியும் "0]" என்ற ப்ராம்ப்ட் இதனால் மாறாது, அது தனி. காமன் லிஸ்ப் தரநிலை ப்ராம்ப்ட்டின் வடிவத்தை வரையறுப்பதில்லை. அதனால் சிலிஸ்ப் (CLISP) என்ற இன்னொரு காமன் லிஸ்ப் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இதே மாறி கிடைக்காது, அதில் வேறு பெயர்கள்.