அங்கியை வலப்பக்கம் மடித்தவர்கள்

சீனாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ‘ஐயாயிரம் ஆண்டுகளாக ஒரே இனம், ஒரே பண்பாடு’ என்று பலரும் ஐயமின்றிச் சொல்லிவிடுகிறார்கள். சீன வரலாற்றை ஆர்வத்துடன் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் இந்த வாசகம் என்னை உறுத்துகிறது. சீனர்களைப் பெருமைப்படுத்துவதுபோல் தோன்றினாலும், வெவ்வேறு மக்கள் ஒரு பெயருக்குள் வந்து சேர்ந்த நெடிய கதையை அது மறைத்துவிடுகிறது. அந்த வரலாற்றின் மிகச் சிறந்த பகுதியும் மிக வலி நிறைந்த பகுதியும் அந்தக் கதைதான் என்பது என் கருத்து.

சீனர்கள் தம் நாட்டைக் குறிக்கும் ‘ஜோங்குவோ’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1963 இல் ஷான்சி மாகாணத்தின் பாவ்ஜி நகருக்கு அருகே ஒரு வெண்கலப் பாத்திரம் கிடைத்தது. பழைய உலோகங்களோடு விற்கப்பட்டு, உருக்கப்படாமல் தப்பி அருங்காட்சியகத்தை அடைந்த அதன் உட்புறத்தில் 122 எழுத்துகள் இருப்பது 1975 இல்தான் கண்டறியப்பட்டது. ஷாங் அரசை வென்ற சௌ மன்னர், ‘இந்த நடுநாட்டில் தங்கி, இங்கிருந்து மக்களை ஆள்வேன்’ என்று வானத்திடம் உரைத்ததாக அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நமக்குக் கிடைத்துள்ளவற்றில் ‘ஜோங்குவோ’ என்ற சொல்லின் மிகப் பழைய பதிவு இதுவே. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அச்சொல் இன்றைய லோயாங் நகரைச் சுற்றிய பகுதியை மட்டுமே குறித்தது. ஒரு பெருநாட்டையோ, ஓர் இனத்தையோ குறிக்கவில்லை.

சௌ அரசின் கீழிருந்த நாடுகள் தம்மை ‘ஹுவாசியா’ என்று அழைத்துக்கொண்டன. தமக்கும் பிறருக்கும் இடையே அவை வகுத்த எல்லை எத்தகையது என்பதைக் கன்பூசியஸின் ஒரு கூற்று தெளிவாகக் காட்டுகிறது. சீ நாட்டின் அமைச்சர் குவான் சோங் இல்லாதிருந்தால், நாம் இந்நேரம் தலைமயிரை விரித்துப் போட்டு, அங்கியை இடப்பக்கம் மடித்து உடுத்திக்கொண்டிருப்போம் என்கிறார் அவர். அந்நியர் வசமாகியிருப்போம் என்பதைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த அடையாளங்கள் தலைமயிரும் அங்கியின் மடிப்பும்தான். குருதியைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. கன்பூசியஸின் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சீனர்கள் முன்மாதிரியாகப் போற்றும் ஷுன் மன்னர் கிழக்கத்திய ‘யி’ மனிதர் என்றும், வென் மன்னர் மேற்கத்திய ‘யி’ மனிதர் என்றும் வெளிப்படையாகவே சொல்கிறார். ‘யி’ என்பது புறத்தாரைக் குறித்த சொல். புறத்தில் பிறந்த இருவர் அகத்தின் இலக்கணமாக மாறியதில் அவர் எந்த முரணையும் காணவில்லை.

தெற்கே யாங்சே ஆற்றங்கரையில் இருந்த சூ நாட்டின் தலைவர் ஒருவர், ‘நாங்கள் புறத்தார், நடுநாடுகளின் பட்டங்கள் எங்களுக்குத் தேவையில்லை’ என்று அறிவித்ததாகப் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. பின்னாளில் அதே சூ நாட்டின் ஆட்சிக்குட்பட்ட பெய் என்னும் ஊரில் பிறந்த லியூ பாங் நிறுவிய அரசமரபுதான் ஹான். இன்று நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் தம் இனப்பெயராகக் கொள்வது அந்த அரசமரபின் பெயரையே. அந்தப் பெயரோ ஹான் ஆற்றிலிருந்து வந்தது.

இந்தச் சேர்க்கை எப்போதும் மனமுவந்து நிகழ்ந்ததாக நான் நினைக்கவில்லை. வடக்கு வெய் அரசை ஆண்ட சியான்பெய் மக்கள் புல்வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்களின் பேரரசர் சியாவென் 494 இல் தலைநகரை லோயாங்குக்கு மாற்றினார். மறு ஆண்டே அரசவையில் தம் தாய்மொழியைத் தடைசெய்து, முப்பது வயதுக்கு உட்பட்ட அலுவலர்கள் அதைப் பேசினால் பதவியிறக்கம் என்று ஆணையிட்டார். அடுத்த ஆண்டு ‘தோபா’ என்ற தம் குடிப்பெயரையும் ‘யுவான்’ என்று மாற்றிக்கொண்டார். லோயாங்கின் வெப்பத்தைப் பொறுக்காத பட்டத்து இளவரசன் வடக்கே தப்பிச் செல்ல முயன்று, முதலில் பட்டத்தையும் பின்னர் உயிரையும் இழந்தான். ஓர் அரசர் தம் மக்களின் மொழியைத் தாமே ஒடுக்கிய இந்த நிகழ்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

மங்கோலியர் ஆட்சியிலோ ‘ஹான் மக்கள்’ என்ற பிரிவில் வட சீனர்களோடு, வடக்கிலிருந்து வந்த கித்தான், ஜுர்ச்சென் என்ற வேற்றின மக்களும் சேர்க்கப்பட்டார்கள்; சோங் அரசின் குடிகளாக இருந்த தென் சீனர்கள் ‘தெற்கத்தியர்’ என்று தனியே வைக்கப்பட்டார்கள். அந்தப் பெயரின் எல்லை எவ்வளவு நகரக்கூடியதாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதற்காகச் சீன அடையாளமே இருபதாம் நூற்றாண்டின் புனைவு என்று சிலர் சொல்வதையும் என்னால் ஏற்க இயலவில்லை. ‘சீனத் தேசிய இனம்’ என்ற தொடரைச் சீனச் சிந்தனையாளர் லியாங் சிச்சாவ் 1902 இல்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பதும், 1953 கணக்கெடுப்பில் மக்கள் தந்த நானூறுக்கும் மேற்பட்ட இனப்பெயர்களை அரசு பின்னர் 56 ஆகச் சுருக்கியது என்பதும் உண்மையே. ஆனால் ‘நாம்’ என்ற உணர்வு கன்பூசியஸின் காலத்திலேயே இருந்தது. அதை இத்தனை காலம் தாங்கி நின்றவற்றுள் முதன்மையானது எழுத்து என்று நான் கருதுகிறேன். குவாங்சோவில் ஒருவர் தம் வீட்டில் பேசுவது பெய்ஜிங்காரருக்குப் புரியாது. ஆனால் இருவரும் ஒரே செய்தித்தாளைப் படிக்க முடியும். அந்த எழுத்தின் மூதாதை ஷாங் காலத்தில் குறி பார்க்கப் பயன்பட்ட எலும்புகளிலேயே காணப்படுகிறது.

குவாங்தோங் மாகாணத்திலிருந்து உலகெங்கும் குடியேறியவர்கள் தம்மைத் ‘தாங் மக்கள்’ என்றும், தாம் கூடி வாழும் தெருவைத் ‘தாங் மக்கள் தெரு’ என்றும் அழைத்தார்கள். அவர்களின் மண் ஒரு காலத்தில் ‘யுவே’ என்று புறத்தாரின் நிலமாகக் கருதப்பட்டது. அவர்கள் பெயராக ஏற்ற தாங் அரசமரபின் இரண்டாம் பேரரசர் தாய்சோங்குக்கோ பாட்டி, தாய், மனைவி ஆகிய மூவருமே சியான்பெய் வழிவந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.