ஜமீன்... அப்புறம் நேரா நீங்களா அண்ணாச்சி?

பழைய கார் கண்காட்சியில அந்த வண்டிக்கு வச்ச போர்டு போட்டோவை ஆளாளுக்கு எனக்கே அனுப்பிட்டு இருக்கீங்க. பாத்தாச்சு. ரோல்ஸ் ராய்ஸ் 20/25, 1934. பாடி கட்டியது லண்டன் கம்பெனி. முதல் உரிமையாளர் ஜமீன். மீட்டெடுத்தவர் இன்றைய உரிமையாளர். நடுவுல இத்தனை வருஷம் வண்டி என்ன ஆகாசத்துலயா நின்னுச்சு?

1948ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபிறகு அரண்மனை வண்டிகள் கைமாற ஆரம்பிச்சது. பல வண்டிகளைப் பின்பக்கம் அறுத்து லோடு வண்டியாக்கிட்டாங்க. இது ஜங்ஷன்ல எங்க பெரியப்பா பட்டறைக்கு வந்தப்போ பாடிக்குள்ள இருந்த மரச்சட்டம் பூராவும் கரையான். அந்தக் காலத்துல ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினும் சேஸிஸும், அதாவது அடிச்சட்டமும்தான் குடுக்கும், பாடியை வெளியே கட்டிக்கிடணும். அதான் போர்டுல லண்டன்காரன் பேரு. சரி, செங்கோட்டையில தேக்கு வாங்கி அதே பாடியை மறுபடி கட்டின ஆசாரி பேரு எங்கவே?

பெரியப்பா பேரு எங்க? பேரிங்குக்கு ஒயிட் மெட்டல்ங்கிற மெத்து உலோகத்தை உருக்கி ஊத்தி, அதுக்குள்ள சுத்துற கிராங்க் தண்டுல நீல மை தடவிச் சுத்திப் பாத்து, பேரிங்குல மை ஒட்டின இடத்தை மட்டும் ஸ்கிரேப்பரால சுரண்டுவாக. திரும்ப மாட்டுவாக, திரும்பக் கழட்டுவாக. சாப்பிடக் கூப்பிடப் போனா "இந்தா வாரேம்லே"ம்பாக, வரமாட்டாக. பெரியம்மை அந்த வண்டியைச் சக்களத்தின்னுதான் சொல்லுவாக.

"கூலிக்குத்தானே செஞ்சாரு"ன்னு ஒருத்தர் கமெண்ட். ஆமா. லண்டன்காரன் தர்மத்துக்கா கட்டினான்?

"ஆர்.சி. புக்குல அவர் பேரு இல்லையே"ன்னு இன்னொருத்தர். உரிமையாளர்னு யாரு போடச் சொன்னா? போர்டுல ஒரு வரி கேட்டேன்.

பணம் போட்டவர் கஷ்டம் எனக்குத் தெரியாதாம். தெரியும். பெயிண்ட்ல மொகம் பாக்கலாம், நல்லாருக்கு. விடுங்க.

2021ல வந்த வின்டேஜ் விதிப்படி அம்பது வருஷம் தாண்டின வண்டி அசல் உருவத்துல இருந்தாத்தான் வின்டேஜ் வண்டிக்குன்னு இருக்கற வி.ஏ. நம்பர். அந்த உருவத்தை யாருவே காப்பாத்தி வச்சது?

பெரியப்பா இருக்காக. கண்காட்சிக்கு ஒரு வார்த்தை கூப்பிடல. நம்ம ஊருக்காரங்கதான், வீடு தெரியாதா? எஞ்சின் ஓடுற வீடியோவை மட்டும் காட்டினேன். காதைக் கிட்ட வச்சுக் கேட்டுட்டு, "டைமிங் கொஞ்சம் தள்ளி நிக்கி, சொல்லிரு"ன்னாக. சொல்லிட்டேன்.

இப்போ அந்தத் தேக்குச் சட்டத்தையும் கழட்டிட்டு இங்கிலாந்து மரம் போட்டிருக்கறதா கேள்வி. அசல் வேணும்லா! கழட்டினதை எங்க போட்டிருக்கீங்க, விறகுக்கா? சொல்லுங்க அண்ணாச்சி, ஆட்டோ பிடிச்சு வந்து எடுத்துக்கிடுதேன்.