யானையைக் குறை சொல்லாதே, ஓட்டினவனைக் கேள்

சிவிலைசேஷன் 6 கணினி விளையாட்டில் இந்தியாவுக்கென்றே இருக்கிற வாரு யானைப்படை வேஸ்ட்டாம். சொன்னது யார்? நாலு யானையையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பலி கொடுத்த அதே ஆள்! இதைக் கூட்டாக ஆடுகிற எல்லாருக்கும் இப்படி ஒருத்தன் வாய்த்திருப்பான். பலம் 40, ஒரு டர்னுக்கு (ஒரு முறைக்கு) நகர்வு 2 கட்டம், கட்ட ஆகும் உற்பத்தி 120. இந்த மூன்று எண்ணைப் பார்த்ததும் தீர்ப்பு சொல்லிவிடுவான். "குதிரைவீரன் 80க்குக் கிடைக்கிறான், 4 கட்டம் ஓடுகிறான், இது எதுக்குடா?"

எதுக்கா? யானையை ஒட்டி நிற்கிற ஒவ்வொரு எதிரிக்கும் 5 பலம் குறைகிறதே, அதுக்கு! அந்த வரியை மட்டும் எவனும் படிப்பதில்லை.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். சிங்கப்பூர் யீஷுனில் நண்பன் வீடு, ராத்திரி பதினொன்று தாண்டிவிட்டது, தே தாரிக் தேநீர் ஆறிக் கிடக்கிறது. இவன் இந்தியா, தலைவர் சந்திரகுப்தர்; எதிரி ரோம். எடுத்த காரணம், "நம்ம யானைடா, ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தையே அடிச்சவன்டா." சரி, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் சந்திரகுப்தரை எடுத்தவன் அவருடைய திறனைப் படிக்க வேண்டாமா? எல்லை விரிவாக்கப் போர் என்று அறிவித்தால் முதல் 10 டர்னுக்குப் படைகளுக்கு 2 நகர்வும் 5 பலமும் கூடும். ஆடி அசைந்து போகிற யானை 4 கட்டம் ஓடும், குதிரைக்குச் சமமாக! யானைக்கு இருக்கிற பெரிய குறையே அங்கே தீர்ந்துபோகிறது. "முதலில் கண்டனம் தெரிவி, கொஞ்சம் பொறு, அப்புறம் போர் அறிவி" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "அதுக்குள்ள ரோம் வளர்ந்திடும்" என்று சொல்லி, கண்டனமே இல்லாத திடீர்ப் போரை அழுத்தினான். அத்தனையும் போச்சு.

அதன் பிறகாவது ஒழுங்காக ஆடினானா? ரோமின் தனிக் காலாட்படையான லீஜனுக்குப் பலம் 40, யானைக்கும் 40. நேருக்கு நேர் மோதினால் இருபக்கமும் 100 உயிரில் சுமார் 30 போகும். இரண்டு யானை ஒரே லீஜனை ஒட்டி நின்றால் அதன் பலம் 30க்கு இறங்கிவிடும். அப்போது நாம் அடிக்கிற அடி 45 பக்கம் ஏறும், வாங்குகிற அடி 20தான். என் வில்லாளிகள் பின்னாலேயே தயாராக நின்றார்கள். யானை யாரையும் கொல்லவே வேண்டாம், பக்கத்தில் போய் நின்றால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

இவன் முதல் யானையைத் தன்னந்தனியாகக் காட்டுக்குள் விட்டான். காட்டில் டர்னுக்கு ஒரே கட்டம்தான். அது வெளியே வரும் முன்பே மூன்று லீஜன்கள் சூழ்ந்துவிட்டன. அடுத்து இரண்டாவது யானை, அதே காடு, அதே வழி. "நிறுத்துடா, மற்றதையும் சேர்த்து அனுப்பு" என்று கத்துகிறேன். "இரு, இது போய் அதைக் காப்பாத்தும்" என்கிறான். மூன்றாவது போனபோது அங்கே ஈட்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள். குதிரைப்படை, யானைப்படை எதுவானாலும் ஈட்டிக்காரர்களுக்கு 10 பலம் கூடுதல். நான்காவதை அனுப்பியபோது நான் வாயே திறக்கவில்லை. அதோடு ஒவ்வொரு டர்னிலும் நாங்கள் மூன்று பேர் காத்துக் கிடக்க, இவன் போனை நோண்டிக்கொண்டிருக்கிறான்!

மொத்தம் 480 உற்பத்தி. எங்கள் பக்கம் குதிரை வளம் ஒரு கட்டத்தில்கூடக் கிடையாது. குதிரை இல்லாமல் குதிரைவீரன் எங்கிருந்து வருவான்? யானைக்கு எந்த வளமும் தேவையில்லை. அந்த வரைபடத்தில் எங்களுக்கு வாய்த்த ஒரே கனமான படை அது.

இத்தனைக்கும் தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவ சேவையில் சார்ஜண்டாக இருந்தவன். ஆளாளுக்குத் தனியாக ஓடாதே, சேர்ந்து நகரு என்று கேம்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன்!

தோற்றதும், படைகளைத் தரம் பிரித்துப் போடுகிற ஏதோ தரப்பட்டியல் வீடியோவைக் காட்டி, "பாரு, வாரு கடைசித் தரம்" என்கிறான். இந்தப் பட்டியல் போடுகிறவர்கள் மீதும் எனக்குக் கோபம்தான். விளையாட்டில் குதிரையேற்றம் என்கிற நுட்பத்தைக் கற்ற உடனே யானையின் 40 பலம் கையில் வருகிறது. அந்த நேரத்தில் பல ஊர்களில் காவலுக்கு நிற்பது 20 பலமுள்ள சாதாரணப் போர்வீரன். பிற்காலக் குதிரைப்படையான மாவீரர்கள் (நைட்) வந்த பிறகு அதே 40க்கு என்ன மதிப்பு? எப்போது கைக்கு வருகிறது, எந்த நிலத்தில் நிற்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எதையும் பார்க்காமல் ஒரு படைக்கு எப்படி மார்க் போடுகிறார்கள்?

அடுத்த வாரம் சுமேரியா எடுக்கப் போகிறானாம். சுமேரியாவின் தனிப்படையான போர்வண்டிக்குப் பலம் 30, முதல் டர்னிலிருந்தே கட்டலாம், அதற்கும் குதிரை வளம் வேண்டாம். சட்டுப்புட்டென்று பக்கத்து ஊரைப் பிடித்தால் உண்டு. இவன் அதைக் கட்டி ஊர் வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, எல்லாரும் மதில் எழுப்பிய பிறகு "சுமேரியா வேஸ்ட்" என்று சொல்வான், பாருங்கள்.

அது கிடக்கட்டும், என் லேப்டாப் சார்ஜரை எடுத்துப் போனது யார்? முனையில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். வாட்ஸ்அப்பில் காலையிலேயே கேட்டுவிட்டேன், மூன்று பேரும் பார்த்துவிட்டு ஒருத்தனும் பதில் போடவில்லை. பேட்டரி சாகப் போகிறது. எடுத்தவன் இன்றைக்கே கொண்டுவந்து கொடுடா!