செப்புக் காசும் ஆஸ்பிரினும் பூவின் ஆயுளைக் கூட்டுமா? ஓர் உண்மை விளக்கம்

வீட்டுத் தோட்டத்தில் பறித்த ரோஜாவைச் சாடியில் வைத்து, நீரில் ஒரு செப்புக் காசையும் ஓர் ஆஸ்பிரின் மாத்திரையையும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையையும் இட்டால் ஒரு மாதம் வாடாது என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது சரியன்று.

பறித்த பூ விரைவில் வாடுவதற்கு முதன்மைக் காரணம், நீரில் பெருகும் பாக்டீரியா தண்டின் நுண்குழாய்களை அடைத்து, நீர் மேலேறாமல் தடுப்பதே ஆகும். நுண்ணுயிர்க்கொல்லி இல்லாமல் சர்க்கரையை மட்டும் சேர்த்தால், பூவுக்குக் கிடைக்கும் உணவு அந்தப் பாக்டீரியாவுக்கும் கிடைத்து, அடைப்பு விரைவுபடுகிறது. ஆஸ்பிரின் நீரைச் சற்று அமிலமாக்கும்; ஆனால் அதனால் மட்டும் பூ ஒரு மாதம் நின்றுவிடாது. காசைப் பொறுத்தவரை, இன்று புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. அவற்றில் செம்பைத் தேடுவதே வீண்.

நன்கு பராமரித்தால் வீட்டு ரோஜா ஏறத்தாழ ஒரு வாரம் நிற்கும். அதிகாலையில் பறித்து, கூரிய கத்தியால் தண்டைச் சாய்வாக வெட்டி, நீருக்குள் அமிழும் இலைகளை அகற்றி, கழுவிய சாடியில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். பழுக்கும் வாழைப்பழத்தின் அருகே சாடியை வைக்கக் கூடாது, ஏனெனில் அதிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு பல பூக்களை முன்கூட்டியே உதிரச் செய்யும்.

ஐயமிருப்போர் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்கலாம். ஒரே செடியின் பூக்களை இரு சாடிகளில் வைத்து, ஒன்றில் மட்டும் நீரை நாள்தோறும் மாற்றிப் பார்த்தாலும் வேறுபாடு புலப்படும். அத்தகவலை இனிப் பகிர வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.